சீட்டு வைத்த புத்தகங்கள்

பேராசிரியருக்குப் படிக்க வராது என்பது அந்த ஊரில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒருவர் பேராசிரியர், இன்னொருவர் அவர் மனைவி. டாக்டரையும் சேர்த்துக்கொண்டால் மூன்று. ஆனால் டாக்டர் வாயைத் திறக்கிற தொழிலில் இல்லை.

படிக்க வராது என்றதும் சின்ன வயதில் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்ட ஆள் என்று நினைத்துவிட வேண்டாம். வாழ்நாள் முழுக்கப் புத்தகத்தில் மூக்கை நுழைத்துக்கொண்டு கிடந்த மனுஷன். வரலாற்றுத் துறையில் அவர் படிக்காத புத்தகம் இன்னும் எழுதப்படாத புத்தகம்தான் என்று மாணவர்கள் கேலி பேசுவார்கள். போன வருஷம் ஒரு நாள் காலையில் செய்தித்தாளை விரித்தவர், "என்னம்மா இது, பேப்பர்காரன் ஏதோ வேற மொழிப் பேப்பரைப் போட்டுட்டுப் போயிருக்கான்?" என்று கேட்டார். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து பார்த்தாள். எப்போதும் வருகிற பேப்பர்தான்.

மூளையின் பின்பக்கத்துக்கு ரத்தம் போகிற வழியில் அடைப்பு என்றார் டாக்டர். கை கால் விழவில்லை, வாய் கோணவில்லை, பேச்சு குழறவில்லை. வலது பக்கப் பார்வை ஓரத்தில் கொஞ்சம் மங்கியிருந்தது. மற்றபடி எழுத்தைப் பார்த்து எழுத்து என்று அடையாளம் காண்கிற இடம் மட்டும் போய்விட்டது. இதில் கூத்து என்னவென்றால் எழுத வந்தது. பேனாவைக் கையில் கொடுத்தால் பக்கம் பக்கமாக, ஓர் அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதுவார். எழுதிவிட்டு நிமிர்ந்து, மறுபடி குனிந்தால் தான் எழுதியதே தனக்கு விளங்காது. "நான் எழுதினது எனக்கே புரியல பாரு. இப்பத்தான் முழுப் பேராசிரியர் ஆகியிருக்கேன்" என்று முதல் வாரம் ஜோக் அடித்தார். அப்புறம் அதைச் சொல்லவில்லை.

ஒரே ஒரு வழி மிச்சம் இருந்தது. அட்டையில் எழுத்து மேடாகப் புடைத்திருந்தால் விரலால் தடவி, வளைவு நெளிவைப் பிடித்து, ஒவ்வொரு எழுத்தாகக் கண்டுபிடிப்பார். ஒரு சொல் முடிவதற்குள் பக்கத்தில் வைத்த காபி ஆறிப்போகும். புத்தகத்தின் உள்ளேயோ எழுத்து புடைத்திருப்பதில்லை.

வகுப்பு எடுப்பதில் குறையொன்றும் இல்லை. முன்பும் குறிப்பைப் பார்த்து நடத்திய ஆள் இல்லை அவர். விடைத்தாள் கட்டுகள் வீட்டுக்கு வந்தன, அவள் வாசித்தாள், அவர் மதிப்பெண் சொன்னார். இப்படியே பூசி மெழுகி ஓய்வு பெறும் நாள்வரை ஓட்டிவிடலாம் என்றுதான் இருவரும் நினைத்திருந்தார்கள். அந்த நேரம் பார்த்துத்தான் மானியம் வந்தது.

அந்த மானியத்தின் கதையைச் சொல்லாவிட்டால் இவர் படுகிற பாடு விளங்காது. பல்கலைக்கழகத்து நூலகத்தில் இரண்டாம் மாடியில் வரலாறு, தத்துவம், இலக்கியம், மொழி எல்லாம் ஒரே கூடத்தில் அடைந்து கிடந்தன. வருகிற பணமெல்லாம் கீழ்த்தளத்துக்கு, பொறியியலுக்கும் மருத்துவத்துக்கும் போகும். மேலே முதுகு கிழிந்த புத்தகங்கள், நூல் பிரிந்த அகராதிகள். பேராசிரியர் வருஷா வருஷம் கலைப்பிரிவு நூல் விரிவாக்கத்துக்கு மானியம் கேட்டு விண்ணப்பம் எழுதினார். வருஷா வருஷம் இல்லை என்று பதில் வந்தது. சலிக்காமல் எழுதினார். சக ஆசிரியர்கள் அவருக்குப் பின்னால் சிரித்தார்கள். கடைசியில், அவருக்குப் படிப்பு போன பிறகு, ஆம் என்று பதில் வந்தது. அந்தக் கடிதத்தை அவள்தான் வாசித்துக் காட்டினாள். நூல் தேர்வுக்குழுத் தலைவர் என்று அவர் பதவியே ஆணையில் அச்சாகியிருந்தது. மனுஷன் நாற்காலியில் உட்கார்ந்தபடியே முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். அது சந்தோஷமா வேதனையா என்று அவளுக்கும் தெரியவில்லை, கேட்கவும் தைரியம் வரவில்லை.

விஷயம் வெளியே தெரிந்தால் குழு அவர் கையை விட்டுப் போகும். அது போனால் அந்த மனுஷனுக்கு இந்த உலகத்தில் பிடிமானம் என்று ஒன்றும் இல்லை. அவள் பயந்ததெல்லாம் இதற்குத்தான்.

அவளுக்கும் அதே நூலகத்தில்தான் வேலை. புது நூல் பிரிவில் உதவியாளர். வாசகர் கையில் புத்தகம் போவதற்கு முன் அவள் கைவழியாகத்தான் போகும். பட்டியலோடு சரிபார்க்க வேண்டும், எண் கொடுக்க வேண்டும், முத்திரை குத்த வேண்டும். முதல் பக்கத்தில் ஒன்று, கடைசிப் பக்கத்தில் ஒன்று, நடுவில் அந்தப் பிரிவு ஆட்களுக்கு மட்டும் தெரிந்த ஒரு பக்கத்தில் ஒன்று. முத்திரை விழுந்த புத்தகத்தை எந்த வியாபாரியும் திருப்பி எடுக்கமாட்டான். எதிர் மேஜையில் ஒரு பெரியவர் பசைக் கிண்ணமும் தூரிகையுமாக உட்கார்ந்து முதுகில் எண் ஒட்டுவார். எல்லோருக்கும் அவர் பசை அண்ணன். அவர் விரல்கள் சட்டையில் ஒட்டிக்கொள்ளும், டீ கிளாஸில் ஒட்டிக்கொள்ளும், சில நாள் கை குலுக்கியவரும் ஒட்டிக்கொள்வார்.

மாலையில் வீடு வந்ததும் அவளுக்கு இரண்டாவது வேலை தொடங்கும். காய் நறுக்குகிற மேஜையிலேயே பதிப்பாளர்களின் விவரப் புத்தகங்களை விரித்து வைத்து வாசிப்பாள். தலைப்பு, ஆசிரியர், உள்ளடக்கம். மாதிரிப் பிரதி கிடைத்தால் முன்னுரையும் நடுவில் ஓர் அத்தியாயமும். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார்.

"அந்தப் பஞ்சத்தைப் பத்தின புத்தகம், ரெண்டாவது அத்தியாயத் தலைப்பு என்ன சொன்ன?"

"'தானியக் கிடங்குகளின் சாவி யாரிடம்.'"

"ஆஹா. ஆளு விஷயம் தெரிஞ்சவன். எடுத்துக்கோ."

"இதுக்கு அடுத்தது அரசர்களோட வம்ச வரலாறு. பெரிய புத்தகம், படமெல்லாம் இருக்கு."

"படம் பாக்கறதுக்குச் சினிமாவுக்குப் போகட்டும். விட்டுடு."

"விலை போட்டிருக்கறதைப் பாத்தா ரொம்ப நல்ல புத்தகம் போலத்தான் தெரியுது."

"நீ வெண்டைக்காய் வாங்கறப்ப மட்டும் அப்படிப் பாக்கமாட்டியே" என்பார். அவள் சிரித்துவிடுவாள். தொண்டை வறளும், கத்தி ஓரமாகக் கிடக்கும், அடுப்பில் ஏதாவது தீயும். ஆனாலும் உண்மையைச் சொன்னால், கல்யாணமான இத்தனை காலத்தில் இருவரும் இவ்வளவு பேசிக்கொண்டதில்லை. முன்பெல்லாம் அவர் ஒரு பக்கம் புத்தகத்தோடு, இவள் ஒரு பக்கம் களைப்போடு. இப்போது புத்தகம் அவள் வாய்வழியாக வரவேண்டியிருந்தது. அந்த மேஜையை அவள் விரும்பவே தொடங்கியிருந்தாள். அதை நினைத்து ஒரு குற்ற உணர்ச்சியும் இருந்தது.

சிக்கல் புத்தகக் கண்காட்சியில் வந்தது. வியாபாரி நூல்களைக் கொண்டுவந்து கருத்தரங்கக் கூடத்தில் மேஜை போட்டுப் பரப்பி வைப்பார். ஆசிரியர்கள் சுற்றி வந்து, வேண்டிய புத்தகத்துக்குள் கையெழுத்திட்ட சீட்டு ஒன்றை வைப்பார்கள். வரலாற்றுக்கு மஞ்சள் சீட்டு, மற்றதற்கு வேறு நிறம். சீட்டு இருக்கிற புத்தகம் வாங்கப்படும், இல்லாதது வண்டியேறிப் போகும். இது அந்த நூலகத்தில் காலங்காலமாக உள்ள வழக்கம். இன்னொரு வழக்கமும் உண்டு. பணியாளர் யாரும் சீட்டில் கை வைக்கக்கூடாது. முன்பு ஒருத்தர் வியாபாரியிடம் சேர்ந்துகொண்டு சீட்டுகளைக் கூட்டி வைத்தார் என்று வேலையை விட்டே அனுப்பியிருந்தார்கள்.

"நான் வீட்டுலேர்ந்தே சொல்லிடறேன்னு சொல்லிப் பாருங்களேன்" என்றாள் அவள்.

"ஏற்கனவே கேக்கறாங்க. சாரை நூலகத்துப் பக்கமே காணோமே, மானியம் வாங்கினதோட முடிஞ்சுதான்னு. நான் போகணும். என் கையால வெக்கணும்."

"எப்படி வெப்பீங்க?"

"இடத்தை மனப்பாடம் பண்ணிக்கறேன். நீதானே அடுக்கப் போற."

அப்படித்தான் ஆயிற்று. கண்காட்சிக்கு முதல் நாள் மேஜைகளை அடுக்க உதவியவர்களில் அவளும் ஒருத்தி. வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேஜையில் கூடத்தையே கட்டிக் காட்டினாள். சர்க்கரை டப்பா வாசல். உப்பு ஜாடி முதல் ஜன்னல். தட்டுகள் மேஜைகள். ஒவ்வொரு தட்டின் மேலும் கரண்டிகளை வரிசையாக வைத்து, இது பஞ்சம், இது கடல் வணிகம், இது சிறைச்சாலைகள் என்று சொன்னாள். அவர் விரலால் தொட்டுத் தொட்டு எண்ணிக்கொண்டார். தூங்கப் போகுமுன் ஒருமுறை முழுக்க ஒப்பித்தார். ஓரிடத்திலும் தவறவில்லை. சின்னப் பையன் மாதிரி முகம் மலர்ந்திருந்தது. வெளியே மழை பிடித்துக்கொண்டதை இருவருமே பொருட்படுத்தவில்லை.

அந்த மழைதான் காரியத்தைக் கெடுத்தது. கூடத்தின் கூரை ஜன்னல் பக்கமாக ஒழுகும். காலையில் வந்த வியாபாரி சொட்டு விழுவதைப் பார்த்துப் பதறிப்போய், விலை உயர்ந்த வரலாற்று நூல்களை உள்சுவர்ப் பக்கம் மாற்றிவிட்டார். ஜன்னலோர மேஜைகளில் மலிவுச் சரக்கை வைத்தார். போட்டித் தேர்வு வழிகாட்டிகள், நேர்காணல் வினா விடை, நினைவாற்றலை வளர்ப்பது எப்படி, இந்த மாதிரி. வேலைவாய்ப்புப் பிரிவு தன் சொந்தக் காசில் வாங்குவதற்காகக் கொண்டுவந்தவை அவை. அன்று காலை அவள் கீழே புதுநூல் அறையில் எண் போட்டுக்கொண்டிருந்தாள். மேலே நடந்தது அவளுக்கு எப்படித் தெரியும்?

மத்தியானம் வியாபாரியே ஒரு தள்ளுவண்டியோடு வந்தார். முகமெல்லாம் பல்.

"அக்கா, சார் மனசே மாறிட்டாரு போல. காலத்துக்கு ஏத்த மாதிரி வந்துட்டாரு. வழிகாட்டிப் புத்தகமா அள்ளிட்டாரு, போங்க."

"எந்தச் சாரு?"

"நம்ம சார்தான். ஒரு கேள்வி கேக்கல, விலையப் பாக்கல. நேரா வந்தாரு, டக்கு டக்குன்னு சீட்டை வெச்சாரு, போயிட்டாரு. ராஜா மாதிரி."

அவர் போனதும் அவள் மேலே இருந்த புத்தகத்தைத் திறந்தாள். மஞ்சள் சீட்டு. கீழே, அழகான, சாய்ந்த, தெளிந்த கையெழுத்து. புத்தகத்தின் பெயர் 'நேர்காணலில் வெல்லுங்கள்'. அடுத்ததைத் திறந்தாள். அடுத்ததை. வண்டி முழுக்க அதுதான். சர்க்கரை டப்பாவும் உப்பு ஜாடியும் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன. ஐயோ பாவம், கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி விட்டுவிட்டேனே என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

இந்த வண்டி இப்படியே நூலகர் அம்மாளின் அறைக்குப் போனால் கேள்வி வரும். வரலாற்றுப் பேராசிரியர் நினைவாற்றல் புத்தகத்துக்கு மானியத்தைச் செலவழித்தது ஏன் என்று ஒரு கேள்வி வந்தால் போதும், மற்றது தானே வரும். அவள் சீட்டுகளை ஒவ்வொன்றாக உருவி மதியச் சாப்பாட்டுப் பைக்குள் போட்டாள்.

எதிர் மேஜையில் தூரிகை நின்றது. "என்ன தங்கச்சி, சீட்டை உருவுற?"

"தப்பான புத்தகத்துல இருக்கு அண்ணே."

"சார் வெச்ச சீட்டாச்சே."

"சார்தான் மாத்தச் சொன்னாரு."

பசை அண்ணன் அவளையே கொஞ்ச நேரம் பார்த்தார். அவரும் அந்த வேலை போன ஆளோடு கூட வேலை பார்த்தவர்தான். "நான் பசை கட்டியாயிடுச்சான்னு பாத்துட்டு இருந்தேன். வேற எதையும் பாக்கல" என்று சொல்லிவிட்டுக் குனிந்துகொண்டார்.

கூடத்தில் டீ நேரம். ஆள் இல்லை. ஒழுகுகிற இடத்தில் யாரோ வாளி வைத்திருந்தார்கள். அவள் உள்சுவர் மேஜைகளுக்குப் போய் பஞ்சம், கடல் வணிகம், சிறைச்சாலைகள் என்று ஒவ்வொன்றாகச் சீட்டை வைத்தாள். எல்லாம் அவள் வாயால் வாசித்த புத்தகங்கள், தேடவே வேண்டியிருக்கவில்லை. திருட்டு வேலை செய்கிறோம் என்ற பதைப்பு ஒரு பக்கம். இதுதானே சரியான புத்தகம், இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்ற எரிச்சல் ஒரு பக்கம். வழிகாட்டிகளை வியாபாரியிடம் திருப்பிக் கொடுத்து, சார் மறுபடி மனசை மாற்றிக்கொண்டுவிட்டார் என்றாள். மனுஷனுக்கு முகம் சுருங்கிப்போயிற்று. மாலைக்குள் சரியான புத்தகங்கள் அவள் மேஜைக்கு வந்து சேர்ந்தன. முத்திரையை மட்டும் அன்றைக்குக் குத்தவில்லை. நாளைக்கு ஆகட்டும் என்று மூடி வைத்துவிட்டு வந்தாள்.

வீட்டில் அவர் விளக்கைப் போடாமல் உட்கார்ந்திருந்தார். அவள் ஈரச் செருப்பைக் கழற்றிவிட்டு விளக்கைப் போட்டாள், சூப்பைச் சுட வைத்தாள், ரொட்டியை வாட்டினாள். எப்படிப் போயிற்று என்று அவரே சொல்வார் என எதிர்பார்த்தாள். கடைசியில் அவளாகவே ஆரம்பித்தாள்.

"புத்தகம் எல்லாம் என் மேஜைக்கு வந்துடுச்சுங்க. பஞ்சம் வந்துடுச்சு, கடல் வணிகம் வந்துடுச்சு. நீங்க சொன்னது ஒண்ணு விடாம."

அவர் ரொட்டியைப் பிட்டுக்கொண்டே இருந்தார். வாயில் வைக்கவில்லை.

"மாத்திட்டியா?"

அவள் ரொட்டித் தட்டை அவர் பக்கம் நகர்த்தினாள். "எதை?"

"மாத்திட்டே. சரி."

"உங்களுக்கு... தெரியுமா?"

"ரெண்டாவது மேஜையிலயே தெரிஞ்சு போச்சு. முதல் மேஜை முழுக்கச் சந்தோஷமா வெச்சேன். ரெண்டாவதுல ஒரு அட்டை, எழுத்து நல்லா புடைச்சிருந்துது. சிறைச்சாலைப் புத்தகமாச்சே, எப்படித்தான் போட்டிருக்கான்னு ஆசையா தடவினேன். 'நே' வந்துது. இடம் தப்பிடுச்சோன்னு முழுசா தடவினேன். நேர்காணலில்."

"அப்பவே நிறுத்தியிருக்கலாமேங்க."

"நிறுத்தியிருக்கலாம். பக்கத்துல மொழித்துறைக்காரங்க நின்னு பேசிட்டிருந்தாங்க. வியாபாரி பின்னாலயே வந்துட்டிருந்தான்."

"அதான். வேற என்ன பண்ணியிருக்க முடியும் நீங்க? கூட்டத்துல மாட்டிக்கிட்டா யாரா இருந்தாலும் அப்படித்தான்."

"அதில்லம்மா. கூட்டத்துக்குப் பயந்து வெச்சது ஒண்ணு ரெண்டு. அப்புறம் எனக்கே ஒரு தைரியம் வந்துடுச்சு. என்ன தைரியம் தெரியுமா? நீ மாத்திடுவேன்னு. மிச்ச மேஜை முழுக்க அந்தத் தைரியத்துல வெச்சேன். குப்பைன்னு தெரிஞ்சே வெச்சேன். கையெழுத்துப் போட்டு வெச்சேன்."

சூப் பொங்கி அடுப்பில் வழிந்தது. எழுந்து போய் அணைத்துவிட்டு வந்தாள்.

"அந்த விண்ணப்பத்துல நான் என்ன எழுதினேன்னு ஞாபகம் இருக்கா?" என்று கேட்டுவிட்டு அவரே ஒப்பித்தார். "'இந்நிதியில் வாங்கப்படும் ஒவ்வொரு நூலும் துறை ஆசிரியர் ஒருவர் கையில் எடுத்துப் பார்த்து, படித்துத் தேர்ந்ததாக இருக்கும்.' எடை போட்டு வாங்கற மாதிரி வாங்கறாங்க, எவனும் பிரிச்சே பாக்கறதில்லன்னு நான் எத்தனை பேரைத் திட்டியிருக்கேன்."

"நாளைக்கு நூலகர் மேடம்கிட்ட எல்லாத்தையும் சொல்லிடலாம்னு பாக்கறேன்" என்றார்.

அவளுக்குச் சுரீர் என்று கோபம் வந்தது. "சொல்லுங்க. தாராளமா சொல்லுங்க. அப்போ நான் இத்தனை மாசமா தொண்டை கிழியப் படிச்சது என்ன? நீங்க கேட்டது என்ன? அது படிப்பில்லையா? ஒவ்வொரு புத்தகத்தையும் நீங்கதானே தேர்ந்தெடுத்தீங்க? நானா எடுத்தேன்?"

"அது நெசமான படிப்புதாம்மா. நான் ஒருநாளும் அவ்வளவு கவனமா படிச்சதில்ல."

"அப்புறம் என்ன?"

"அதை ஏன் ஒளிச்சு வெச்சோம்?"

"ஏன்னா எடுத்துடுவாங்க உங்களை! அதுகூடத் தெரியாதா? குழுவை விட்டு எடுத்துட்டு, பாவம் மனுஷனுக்கு இப்படி ஆயிடுச்சேன்னு உச்சுக் கொட்டுவாங்க. ஒரு மாலையைப் போட்டு வீட்டுக்கு அனுப்புவாங்க. அப்புறம் உங்களுக்கு என்ன இருக்கு? சொல்லுங்க, என்ன இருக்கு?"

கத்திவிட்டாள். கத்தினதும் அழுகை வந்தது. அவர் எழுந்து வந்து, பார்வை மங்கிய பக்கம் நாற்காலியில் இடித்துக்கொண்டு, அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லத் தெரியவில்லை அவருக்கு. எப்போதுமே தெரிந்ததில்லை. அவள் கையில் ரொட்டியை வைத்தார். அவள் அதைப் பிடித்துக்கொண்டே அழுதாள்.

"உன் வேலைக்கு ஒண்ணும் வராது. அதை நான் பாத்துக்கறேன்" என்றார் அப்புறம்.

காலையில் மழை விட்டிருந்தது. நல்ல சட்டையை அவரே எடுத்துப் போட்டுக்கொண்டார். இருவரும் பேருந்தில் ஒன்றாகப் போனார்கள்.

நூலகர் அம்மாளை மாணவர்கள் 'உஷ்' என்றுதான் சொல்வார்கள். அந்த ஒரு சொல்லாலேயே மூன்று மாடிகளையும் ஆண்டு வந்தவர். வேலையில் கெடுபிடி. ஆனால் பேராசிரியரைக் கண்டால் மட்டும் எழுந்து நிற்பார். அன்றைக்கும் எழுந்து நின்றார்.

"வாங்க சார். நேத்து நீங்க வந்ததா சொன்னாங்க. நான்தான் கூட்டத்துல மாட்டிக்கிட்டேன். உக்காருங்க. என்னம்மா, நீங்களும் உக்காருங்க."

பேராசிரியர் உட்காரவில்லை. "மேடம், எனக்குப் படிக்க வராது" என்றார்.

அம்மாள் சிரித்தார். வழக்கமான ஜோக் என்று நினைத்துவிட்டார். பேராசிரியர் சிரிக்காததைப் பார்த்து மனைவியின் முகத்தைப் பார்த்தார். அங்கேயும் சிரிப்பு இல்லை.

அவர் நின்றபடியே சொன்னார். செய்தித்தாளில் ஆரம்பித்து, டாக்டர், அடைப்பு, எழுத வருகிறது படிக்க வரவில்லை, கண்காட்சி, ஜன்னலோர மேஜை எல்லாவற்றையும் வகுப்பு எடுப்பதுபோல வரிசையாகச் சொன்னார். குரல் உடையவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்திருந்த விரல்கள் மட்டும் வெளுத்திருந்தன. மேலே விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அம்மாள் மேஜைமேல் இருந்த பேனாவை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார்.

"சார், என்கிட்ட முன்னாடியே..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். கண் கலங்கிவிட்டது. மூக்கைத் துடைத்துக்கொண்டு நூலகர் ஆனார். "சரி. ஆணைப்படி நான் இதை மேல அனுப்பணும். தலைவரை மாத்துவாங்க. நீங்க இதுவரைக்கும் எடுத்ததை இன்னொருத்தர் பாத்து ஒப்புக்கணும். புத்தகம் வீணாகாது, அதுக்கு நான் பொறுப்பு."

"அது போதும்."

"எழுத்துல வேணும் சார். மன்னிச்சுக்கோங்க."

"குடுங்க. அது ஒண்ணுதான் வருது எனக்கு."

வெள்ளைத்தாளை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். எழுதத் தொடங்கினால் அவர் முகம் பழைய முகமாகிவிடும். நிமிராமல் எழுதினார். வரி கோணவில்லை, ஓரிடத்தில் நிற்கவில்லை. அவள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். முடித்ததும் அம்மாள் கை நீட்டி, வருஷக்கணக்கான பழக்கத்தில் சொல்லிவிட்டார்: "ஒரு தடவை படிச்சுப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடுங்க சார்."

சொன்ன பிறகுதான் உறைத்தது அம்மாளுக்கு. நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"குடுங்க, நான் படிக்கறேன்" என்று அவள் தாளை வாங்கினாள்.

இத்தனை மாதமும் அவருக்கு வாசித்த அதே குரலில் வாசித்தாள். நோய் வந்தது, அதை மறைத்தது, குழுத் தலைவர் பொறுப்பிலிருந்து விலகுவது, எல்லாம் சுருக்கமாக, ஒரு சொல் கூடக்குறைய இல்லாமல் எழுதியிருந்தார். கடைசிப் பத்திக்கு வந்தாள். அங்கே இப்படி இருந்தது: 'தவறான நூல்களில் வைத்த சீட்டுகளைப் பின்னர் வந்து மாற்றியவனும் நானே. என் நோய் குறித்தோ சீட்டுகள் குறித்தோ என் மனைவிக்கு எதுவும் தெரியாது.'

நேற்று சொன்னாரே, அதை நான் பாத்துக்கறேன் என்று. இதுதானா அது? அவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது. ஒன்றும் தெரியாதாமே! அந்த மேஜையும் வறண்ட தொண்டையும் தீய்ந்த சட்டியும், அவர் சிரித்த சிரிப்பும், எதுவும் தெரியாதாம்.

குரலை மாற்றாமல் வாசித்தாள். "'என் நோய் தொடங்கிய நாள் முதல் என் மனைவிக்கு எல்லாம் தெரியும். ஒவ்வொரு நூலையும் அவள் படித்தாள், நான் கேட்டுத் தேர்ந்தேன். தவறான நூல்களில் இருந்த சீட்டுகளை எடுத்துச் சரியான நூல்களில் வைத்தவள் அவளே.'"

அவர் தலை விருட்டென்று திரும்பியது. "நான் அப்படி எழுதலையே."

"அப்படித்தாங்க எழுதியிருக்கு."

"இல்லம்மா. நான் எழுதினது எனக்குத் தெரியும்."

"படிச்சுக் காட்டுங்க அப்போ" என்றாள். அவரை இப்படிக் குத்துவாள் என்று அவளே நினைத்திருக்கவில்லை.

நூலகர் அம்மாள் எதிரிலிருந்து தாளைத் தலைகீழாகப் பார்த்துக்கொண்டிருந்தார். தலைகீழாகவும் படிக்கத் தெரிந்தவர். அவர் வாயைத் திறக்கவில்லை.

அவள் அவர் விரல்களிலிருந்து பேனாவை மெல்ல வாங்கினாள். அந்த இரண்டு வரியையும் அடித்தாள். வாசித்ததை மேலே எழுதினாள். அவள் எழுத்து கோணல், அவருடைய எழுத்துக்குப் பக்கத்தில் பார்க்கச் சகிக்கவில்லை. பேனா உரசுகிற சத்தத்தை அவர் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். பேனாவை விட்ட அவர் கை நீட்டியபடியே மேஜைமேல் கிடந்தது.

எழுதிவிட்டுத் தாளை அவர் முன்னால் நகர்த்தி, பேனாவைக் கையில் கொடுத்து, கையெழுத்துப் போடுகிற இடத்தில் விரலை வைத்தாள். "இங்க போடுங்க."

அவர் உடனே போடவில்லை. "கீழே இடம் இருக்கா?"

"இருக்குங்க."

"யாருக்கு?"

"எனக்கு. நானும் கையெழுத்துப் போடணுமே."

அவர் அவள் விரலைத் தடவிப் பார்த்து, அதை ஒட்டிக் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடாமல் அவளிடம் கொடுத்தார்.